காற்றைக் குடித்த பல்லி

"கொலுசு சத்தத்துக்கும் பம்பு சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியுமா இதுக்கு?" என்று அந்த மெக்கானிக் கேட்டார். கேட்டது என் அப்பாவிடம், பார்த்தது என் காலை. என் காலில் அப்போது கொலுசே இல்லை.

அப்பா மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீட்டில் கார் ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பள்ளி இறுதிப் பரீட்சை தேறி, கல்லூரி திறப்பதற்காகக் காத்திருந்த கோடையில் இது நடந்தது.

வக்கீலின் கார் யுத்தத்துக்கு முன் சீமையிலிருந்து வந்தது. அதன் பெட்ரோல் பம்பு பாட்டரியில் ஓடும். பின்னாலிருக்கும் டாங்கியிலிருந்து பெட்ரோலை இழுத்து முன்னாலிருக்கும் கார்புரேட்டருக்குத் தள்ளுவது அதன் வேலை. சாவியைத் திருப்பியதும் டக், டக், டக் என்று அடிக்கும், கார்புரேட்டர் நிறைந்ததும் நின்றுவிடும். அப்பா அதைப் பல்லி என்பார். "பல்லி சொல்லி முடிக்கட்டும்" என்று காத்திருந்து, அது அடங்கிய பிறகுதான் என்ஜினைக் கிளப்புவார். எங்கள் வீட்டில் அந்தப் பம்புக்கு வேறு பெயர் கிடையாது.

சித்திரை மாதத்தில் பல்லி நிற்காமல் சொல்லத் தொடங்கியது. என்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே படபடப்பு. ஒரு நாள் காலை கடற்கரைச் சாலைப் பாலத்தின் நடுவில் கார் இருமி நின்றுவிட்டது. உள்ளே வக்கீல், ஐகோர்ட்டில் அவருடைய வழக்கு. அன்று அவர் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எதிர்த்தரப்பு வாய்தா வாங்கிவிட்டதாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாம்பலத்திலிருந்து மெக்கானிக் வக்கீல் வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நானும் அப்போது அங்கே போயிருந்தேன். கார் வீட்டு முகப்பில் நின்றிருந்தது, பானெட் திறந்திருந்தது, வக்கீல் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பம்பு பூட்ச்சி சாமி," என்றார் மெக்கானிக். "புச்சு ஓணும்னா கப்பல்ல வரணும். எப்ப வரும்னு எவனுக்குத் தெரியும்? கெடச்ச வெலைக்குத் தள்ளிடுங்க. கிண்டில ஒரு ஆளு கீறாரு, நாளைக்கே இட்டாரேன்."

வக்கீல் காரைப் பார்த்தார். "சரி, அழைச்சிண்டு வா. நான் டிராம்ல போய்க்கறேன்," என்றவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "கார் இல்லாத ஆத்துல டிரைவர் இருந்து என்ன பண்ணப் போறான்? நீயும் வேற இடம் பாத்துக்கோப்பா."

அப்பா சரி என்று தலையை ஆட்டினார். அந்த வேலை போனால் நான் கல்லூரிக்குப் போக மாட்டேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான் காருக்குப் பக்கத்தில் போய், "நைனா, சாவியைப் போடு," என்றேன் அப்பாவிடம். பல்லி படபடத்தது. குனிந்து காது கொடுத்தேன். கொலுசுப் பேச்சு வந்தது அப்போதுதான்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் நான் கேட்க வேண்டியதைத்தான் கேட்டேன். "பம்பு கெட்டுப்போயிருந்தா அது அடிக்கவே கூடாதில்லையா? இது எப்பவும் அடிக்கிறதைவிட வேகமா அடிக்குதே. நெறையாத எதையோ நெறைக்கப் பாக்குது. எங்கேயோ ஓட்டை இருக்கு."

"டாங்கில பெட்ரோல் கீது. கொயாய்ல ஒரு சொட்டு ஒயுவல. அப்பறம் எங்க ஓட்டை?" என்றார் அவர். காருக்கு அடியில் கையை ஓட்டி, காய்ந்த விரலை எல்லோருக்கும் காட்டினார். அப்பாவும் அதை ஒப்புக்கொண்டார். ஓட்டை என்றால் ஒழுகும். ஒழுகவில்லை என்றால் ஓட்டை இல்லை. இது எல்லோருக்கும் தெரிந்த நியாயம்தான்.

எனக்குப் பப்பாளித் தண்டு ஞாபகம் வந்தது. நானும் எங்கள் தெருப் பிள்ளைகளும் பப்பாளி இலைக் காம்பை ஒடித்து, குழாய் போல வைத்துக் குடத்திலிருந்து தண்ணீர் உறிஞ்சுவோம். தண்டில் கீறல் இருந்தால் சர்சர்ரென்று சத்தம் வருமே தவிர வாய்க்குத் தண்ணீர் வராது. வெளியிலும் ஒரு சொட்டு சிந்தாது.

"பம்புக்கு முன்னால இருக்கறது தள்ளுற குழாய், ஓட்டை இருந்தா ஒழுகும். பின்னால டாங்கிப் பக்கம் இருக்கறது உறிஞ்சற குழாய். அதுல ஓட்டை இருந்தா ஒழுகாது, காத்தைக் குடிக்கும்," என்று சொல்லி, பப்பாளித் தண்டைப் பற்றியும் சொன்னேன்.

மெக்கானிக் சிரித்தார். "இன்னா அண்ணாத்தே, பொண்ணு பப்பாளி வைத்தியம் பண்ணுது."

வக்கீல் சிரிக்கவில்லை. "சாட்சி இருக்கா குழந்தே? வாதம் நன்னாத்தான் இருக்கு," என்றார்.

"ஒரு கண்ணாடிப் பாத்திரம் குடுத்தா சாட்சி காட்டறேன்," என்றேன்.

வக்கீலின் மனைவி ஊறுகாய் தீர்ந்த கண்ணாடி ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து படியில் வைத்தார். "திருப்பித் தர வேண்டாம். இனிமே அது கார் ஜாடி," என்று சொல்லிவிட்டு, உள்ளே போகாமல் கதவோரம் நின்றுகொண்டார்.

காரை வாசலுக்குத் தள்ளினோம். நான் சொன்னபடி அப்பா கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றினார். ஜாடியில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, குழாயின் வாய் அதில் முழுகும்படி பிடித்துக்கொண்டேன். ரேஷன் கூப்பனில் அளந்து வாங்கிய பெட்ரோல் என்பதால் எல்லோர் கண்ணும் ஜாடியின் மேல்தான். அப்பா சாவியைப் போட்டார். பல்லி அடித்தது. ஜாடிக்குள் சோடா புட்டி உடைத்ததைப் போலக் குமிழி குமிழியாக வந்தது. நிற்கவே இல்லை.

"பம்பு நல்லாத்தான் தள்ளுது. பெட்ரோலோட காத்தையும் சேத்துத் தள்ளுது," என்றேன்.

ஓட்டை எங்கே என்பதுதான் பாக்கி. தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்தேன். மெலிந்த உடம்புக்கு அன்றைக்கு ஒரு பிரயோசனம் கிடைத்தது. டாங்கியின் தலையிலிருந்து குழாய் கிளம்பும் இடத்தில், திருகு மூட்டைச் சுற்றி ஏதோ வெள்ளையாக, பாதி கரைந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். துணி சோப்பு.

வெளியே வந்து அப்பாவிடம் கையை நீட்டினேன். அவர் முகம் மாறியது. போன வருஷம் அந்தத் திருகின் மரைப் புரி தேய்ந்திருந்தது. புதியது கிடைக்காததால், டிரைவர்கள் எல்லோரும் செய்கிறபடி அவரும் சோப்பைப் பிசைந்து பூசியிருக்கிறார். பெட்ரோலுக்குச் சோப்பு கரையாது. தண்ணீருக்குக் கரையும். அப்பாவோ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காரின் அடிவயிறு வரைக்கும் வாளி வாளியாகத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறவர். மயிலாப்பூரில் அந்தக் காரைப் போலப் பளபளக்கும் கார் இல்லை என்று பெயர் வாங்கியவர்.

சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். "நான்தான் சாமி பூசினேன். நான்தான் கழுவியும் வுட்டேன்."

வக்கீல் காரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "சோப்பு போட்டா அலம்பத்தானே வேணும்?" என்றார். கதவோரத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

முன்பக்கக் குழாயை அப்பா மறுபடி மாட்டினார். நான் புதுச் சோப்பைப் பிசைந்துகொண்டு அடியில் போய், மூட்டைச் சுற்றி அழுத்திப் பூசினேன். "போடு நைனா," என்றேன். டக்டக்டக் என்று பல்லி அவசரமாக ஆரம்பித்தது. பிறகு டக், டக். பிறகு ஒன்றுமில்லை. காருக்கு அடியில் படுத்தபடியே அந்த நிசப்தத்தைக் கேட்டேன். என் பரீட்சை முடிவைப் பேப்பரில் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

மெக்கானிக் கெட்டவர் இல்லை. மறுநாள் கிண்டி ஆளை அழைத்து வரவில்லை. மரை கடைந்த புதுத் திருகைத்தான் கொண்டு வந்தார். மாட்டி முடித்து, "பப்பாளி டாக்டரம்மா, ஒரு தபா காது வச்சிப் பாரு," என்று என்னைக் கூப்பிட்டார். பார்த்தேன். சரியாக இருக்கிறது என்றேன். அவர் அதற்குப் பிறகுதான் பானெட்டை மூடினார்.

அப்பா இன்றும் அதே காரை ஓட்டுகிறார். நான் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். எந்தக் குரூப் என்று கேட்டார்கள். என்னோடு வந்த பெண்கள் அநேகமாகச் சரித்திரம் எடுத்தார்கள், எனக்கும் அதையே சிபாரிசு செய்தார்கள். நான் கணக்கும் பௌதிகமும் ரசாயனமும் உள்ள முதல் குரூப்தான் வேண்டும் என்று சொல்லி, வாங்கிக்கொண்டேன். வகுப்பில் மூன்று பெண்கள்தான் இருக்கிறோம்.

போன வாரம் கல்லூரி விட்டதும் பஸ் ஏறிக் கிண்டி இன்ஜினீயரிங் காலேஜுக்குப் போனேன். இன்ஜினீயரிங் படிப்பில் பெண்களைச் சேர்ப்பார்களா என்று அங்கே ஆபீஸில் நேராகவே கேட்டேன். சேர்ப்பார்களாம்.