செத்தால்தான் பணம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். விஜயவாடாவில் தட்டு கழுவி, நாக்பூரில் ஆரஞ்சுக் கூடை சுமந்து, எழுபதுகளின் கடைசியில் டெல்லிக்கு வந்து சேர்ந்தேன். லக்ஷ்மிபாய் நகரில் ஒரு தமிழ் அதிகாரி வீட்டில் வேலை கிடைத்தது. சமையலை அவர் மனைவி, மாமியே பார்த்துக்கொள்வார். ஸ்கூட்டரைத் துடைப்பது, மார்க்கெட்டுக்குப் போவது, காலையும் மாலையும் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பது என் பொறுப்பு.

நாய் அல்சேஷன். மாற்றலாகிப் போன மிலிட்டரிக்காரர் ஒருவரிடம் சார் நல்ல விலை கொடுத்து வாங்கியது. அந்த வீட்டில் முட்டைகூட நுழையாது. அதனால் நாய்க்கும் தயிர்சாதம்தான். சார் சாப்பிட உட்கார்ந்ததும் உள்ளங்கையில் ஜலம் எடுத்து, தட்டைச் சுற்றி விட்டு, பரிசேஷணம் பண்ணிவிட்டுத்தான் முதல் கவளம் எடுப்பார். ஒரு நாள் விளையாட்டாக நாயின் தட்டைச் சுற்றியும் ஜலம் விட்டார். மாமி சிரித்தார். அது வழக்கமாகிவிட்டது. பிறகு தட்டைச் சுற்றி ஜலம் விழாமல் நாய் வாய் வைக்காது. எச்சில் ஒழுக ஒழுகச் சாரின் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

சாருக்கு அந்த நாயைப் பற்றி இன்னொரு பெருமையும் உண்டு. அதற்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். மாட்டுக்கு எடுப்பார்கள், நாய்க்கும் எடுக்கலாம் என்பது அந்தக் காலனியில் யாருக்கும் தெரியாது. "நமக்கே எல்.ஐ.சி. கட்ட முடியல, இவர் நாய்க்குக் கட்றார்" என்று பக்கத்து வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

ஒரு மழைக்காலத்தில் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. ஈறு வெளுத்துப்போய், மூத்திரம் காப்பி நிறத்தில் போனது. சாணக்யபுரிப் பக்கம் தூதரகக்காரர்களின் நாய்களைப் பார்க்கும் டாக்டரிடம் ஆட்டோவில் கொண்டுபோனோம். என் மடியில் நாய். ஊசி, குளுக்கோஸ், ரத்தப் பரிசோதனை என்று டாக்டர் சொல்லச் சொல்லச் சாரின் முகம் சுண்டியது.

"இன்சூரன்ஸ் இருக்கு டாக்டர். அவா குடுப்பா."

டாக்டர் சிரித்துவிட்டார். "வைத்தியத்துக்குப் பைசா தரமாட்டார்கள், சாப். செத்தால்தான் தருவார்கள்."

சார் நினைத்திருந்தது ஒன்று, எடுத்திருந்தது ஒன்று. திரும்பி வரும்போது அவர் காலனி முனையில் ஆட்டோவை நிறுத்தி, என் சட்டைப் பையில் கொஞ்சம் பணத்தைத் திணித்தார்.

"யமுனைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடு. எப்படியும் பொழைக்காது. மாமிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"ஊசி போட்டா பொழைக்கும்னு சொன்னாரே சார்."

"நீ டாக்டராடா? சொன்னதைச் செய்."

நாய் என் முழங்கையை நக்கிக்கொண்டிருந்தது. நான் ஆட்டோவை சர்க்கார் மாட்டாஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன். டோங்கா வண்டிக் குதிரைகளுக்கும் எருமைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தோம். பார்ப்பதற்குக் கட்டணம் பெயரளவுக்குத்தான். ஊசி மருந்தை மட்டும் வெளியே வாங்கிவரச் சொன்னார்கள். சார் கொடுத்தது பற்றவில்லை. என்னிடம் இருந்த டிரான்சிஸ்டரை விற்றேன். ரத்தம் ஊற தினமும் ஈரல் கொடு என்றார் டாக்டர்.

கோட்லாவில் பால்காரர் ஒருவரின் எருமைக் கொட்டகையில் நாயைக் கட்டினேன். ஈரலை வேகவைத்து முன்னால் வைத்தால் தொடமாட்டேன் என்கிறது. பால்காரர், "இது பட்டினி கிடந்தே சாகும், பையா" என்றார். எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. கையில் தண்ணீர் எடுத்து ஈரலைச் சுற்றி விட்டேன். தட்டையும் சேர்த்துத் தின்பதுபோல் தின்றது. பால்காரர் என்னைப் பெரிய மந்திரவாதி என்று நினைத்துக்கொண்டார்.

சொன்னபடி விட்டாயிற்று என்று சாரிடம் சொல்லியிருந்தேன், நாய் ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று அவர் மாமியிடம் சொல்லியிருந்தார். அதுவரை எனக்குச் சாரின் மேல் கோபம்தான். நாய் தேறட்டும், மாமியிடம் மெல்லச் சொல்லலாம் என்றிருந்தேன். ஒரு நாள் காலை வேலைக்குப் போனால் மாமி கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகவே கேட்டார்.

"கசாப்புக் கடையிலேர்ந்து அழுகினதைப் போட்டுக் கொன்னுட்டியாமே? வாயில்லா ஜீவன்டா அது. ஒனக்கு எப்படி மனசு வந்தது?"

பின்னால் சார் நின்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை. "இவனுக்கு இந்த மாசச் சம்பளம் கிடையாது. கேட்டைத் தாண்டி உள்ளே வரப்படாது" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலைச் சாத்தினார்.

பல ஊர்களில் என்னை அடித்திருக்கிறார்கள், கூலி தராமல் விரட்டியிருக்கிறார்கள். அடுத்த ரயிலில் ஏறிவிடுவேன், அத்தோடு மறந்துவிடும். இந்த முறை ஏறவில்லை. நாயைக் கொன்றவன் என்ற பேரோடு போக எனக்கு மனமில்லை. கொட்டகையிலேயே சாணி அள்ளிக்கொண்டு தங்கினேன். நாய் எழுந்து நின்றது, குரைத்தது, எருமைகளை விரட்டியது. நான் காத்திருந்தேன்.

காலனி மரத்தடியில் துணி தேய்ப்பவர் என் சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமை மதியம் நாய் செத்ததாகப் பணம் கேட்டதை விசாரிக்க இன்சூரன்ஸ் ஆள் வருகிறார் என்று அவர்தான் சொன்னார். நல்ல சட்டை தேய்க்கக் கொடுக்கும்போது சாரே சொன்னாராம்.

ஞாயிறன்று நாயைக் குளிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு போனேன். கதவு திறந்திருந்தது. கூடத்தில் சார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு குண்டு பஞ்சாபி, கையில் டீ. நான் சங்கிலியை விட்டேன். நாய் பாய்ந்து போய்ச் சாரின் மார்பில் இரண்டு காலையும் வைத்து முகத்தை நக்கியது.

"இது யாருடையது?" என்று பஞ்சாபிக்காரர் ஹிந்தியில் கேட்டார்.

"தெரியாது" என்றார் சார். "இந்த ஆளை நான் விரட்டிவிட்டேன். பழிவாங்கத் தெரு நாயைப் பிடித்துவந்திருக்கிறான். எல்லா அல்சேஷனும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

நாய் நேரே சமையலறை வாசலில் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. உள்ளிருந்து வந்த மாமி அதைப் பார்த்து அப்படியே நின்றார். பிறகு உள்ளே போய், ஒரு தட்டில் தயிர்சாதம் பிசைந்து கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தார். நாய் தொடவில்லை. சாரின் கையைப் பார்த்தது.

"ஏன் சாப்பிடவில்லை?" என்றார் பஞ்சாபிக்காரர்.

மாமி ஒரு டம்ளர் ஜலத்தைச் சாரிடம் நீட்டினார்.

"ஏன்னா, அது பசியோட உக்காந்திருக்கு. ஜலம் சுத்துங்கோ."

"நீ உள்ளே போ."

"சுத்துங்கோன்னா."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சார் குனிந்து தட்டைச் சுற்றி ஜலம் விட்டார். நாய் சாப்பிட்டது. பஞ்சாபிக்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "வாழ்த்துகள், சாப். உங்கள் நாய்க்கு நூறு வயசு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமி என் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கேட்டருகே நின்று நாயைக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்து வாலை ஆட்டியது. சாரின் காலடியை விட்டு வரவில்லை. அதையும் அந்த மனிதர் எனக்குத் தர வேண்டிய கணக்கில்தான் எழுதிக்கொண்டேன். ஈரல் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை மட்டும் மாமியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம் ஊர் அரிசி, அப்பளம் விற்கும் கடையில் மூட்டை தூக்கச் சேர்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் கசாப்புக் கடை தெரியும். அடுத்த ஞாயிறு, நான் எதிர்பார்த்தபடியே, நெற்றியில் விபூதியும் மூக்கில் கைக்குட்டையுமாகச் சார் வந்து வரிசையில் நின்றார். மாமி அனுப்பியிருந்தார். கசாப்புக்காரரிடம் நான் முன்பே சொல்லிவைத்திருந்தேன், விபூதி பூசிக்கொண்டு வருபவருக்குக் காது மந்தம், உரக்கப் பேசுங்கள் என்று.

"பாபுஜி! ஈரல் எவ்வளவு வேணும்? ஆட்டு ஈரலா?" மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. எங்கள் கடையில் அப்பளம் வாங்கிக்கொண்டிருந்த லக்ஷ்மிபாய் நகர் மாமிகளும்தான்.

ஒரு ஊரில் ஆறு மாதம் தங்கினாலே எனக்குக் கால் அரிக்கும். அந்த வருஷம் முழுக்க நான் டெல்லியை விட்டு நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் லீவும் எடுக்கவில்லை.