ஏழு வாசல் ஏறிய படம்

செவ்வாய்க்கிழமை காலை முனியண்ணனின் போன் வந்தது. "அக்கா போயிட்டாங்கம்மா. தூக்கத்துலயே." தோசைக் கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

கற்பகம் அக்கா நகரியில் விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்தவர். திருப்பதியில் கல்யாண போட்டோ எடுத்துப் பிழைத்தார். மற்ற நாட்களில் ரயில் பாதைக்குப் பின்னாலிருக்கும் சந்துக்குப் போவார். இரண்டு கும்பல்கள் பங்கு போட்டுக்கொண்ட சந்து. வெட்டுக்குத்து நடந்தால்தான் அங்கே கேமரா வரும். அக்கா எடுத்ததோ தலை பின்னுகிறவர்களை, மீன் கழுவுகிறவர்களை, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடுகிறவர்களை. படங்களுக்குக் குறிப்பு எழுதியது நான்.

படத்தில் எத்தனை முகமோ, அத்தனை பேரிடமும் காட்டிச் சம்மதம் கேட்பார். ஒருவர் மறுத்தாலும் அவர் கண் முன்பே அழித்துவிடுவார்.

"இன்னாக்கா, ஓட்டு கேட்டு வந்துகீறியா?" என்று பெண்கள் சீண்டுவார்கள்.

"ஆமாண்டி, உன் மூஞ்சிக்கு" என்பார்.

போன வருடம் அந்தச் சந்தில் ஒரு கத்திக்குத்து. அங்கே குடியிருக்கும் முனியண்ணனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அதே நேரத்தில் அவர் தண்ணீர் லாரியின் குழாயைப் பிடித்து நின்ற படம் அக்காவிடம் இருந்தது. கூடவே ஏழு பெண்கள்.

"ஸ்டேஷன்ல உடனே குடுங்கக்கா. அவங்க முகத்த மறைச்சாவது குடுங்க" என்றேன்.

"மறைச்ச போட்டோவ எவன் நம்புவான்? முகத்தோட குடுத்தா ஏழு பேரும் சாட்சி. நாளைக்கு அவங்க கதவ எவன் தட்டுவான்னு உனக்குத் தெரியுமா?"

வீடு வீடாகப் போனார். ஏழாவது பெண் தலையசைக்க மூன்று நாளானது. அத்தனை நாளும் முனியண்ணன் லாக்கப்பில் இருந்தார். படம் போன பிறகுதான் விட்டார்கள். நான் ஒரு மாதம் அக்காவோடு பேசவில்லை. அவர் செய்தது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அக்கா இருக்கும் நல்ல படம் ஒன்றுதான், நான் எடுத்தது. நான்கு பெண்கள் அவரைக் கட்டிப்பிடித்து, கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரிக்கிறார்கள். அவரை மட்டும் தனியே வெட்டியெடுக்க முடியாது. அஞ்சலி பேனருக்கு அதைத்தான் கொடுக்கப் போனேன். படம் இருந்த என் போனை முனியண்ணன் வாங்கிக்கொண்டார்.

"நாலு பேரையும் கேட்டுக்கினு வந்துடறேன்."

"நேரமாகுதுண்ணா, தூக்கப் போறாங்க."

"லாக்கப்புல அந்த மூணு நாளும் நானும் அக்காவ திட்டிக்கினுதாம்மா இருந்தேன். ஆனா எனக்கோசரம் ஏழு வாசல் ஏறுனாங்களே. நான் நாலு ஏறக்கூடாதா?"

பேனர் அச்சாகி வந்தபோது உடலை எடுத்துப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தண்ணீர் லாரி நிற்கும் இடத்தில் கட்டினோம். லாரி வந்தது. குடங்கள் ஓடின.

போய் வாருங்கள், அக்கா. நான்கு பேரையும் கேட்டுவிட்டுத்தான் மாட்டியிருக்கிறோம்.