குடாவில் மிதந்த நீலக் கேன்

ஊரார் ‘நானா’ (அண்ணன்) என்றழைக்கும் மூதூர் மஹ்ரூப் கடலைப் பார்த்தே குடும்பத்தைக் காப்பாற்றியவர். கொட்டியாரக் குடாவில் தண்ணீர் ஓரிடத்தில் சற்றுக் கறுத்திருந்தாலே போதும், அடியில் மீன்கூட்டம் நிற்கிறது என்று சொல்லிவிடுவார். அதனால்தான் கட்டைபறிச்சான் பிரகலாதனும் அவன் அண்ணன் ஆனந்தராசாவும் கடலுக்குப் போய்த் திரும்பாதபோது, தேடப் புறப்பட்ட படகின் முன்பக்கத்தில் அவரை நிறுத்தினார்கள்.

கரையில் நின்ற பிரகலாதனின் மனைவி சோபனா, “ரெண்டு பேரும் ஒரேஞ்ச் கலர் லைஃப் ஜாக்கெட் போட்டிருப்பினம், நானா. அதைப் பாருங்கோ” என்றாள்.

உச்சி வெயிலில் கடலைப் பார்க்கக் கண் கூசியது. நுரை, பறவைகள், போத்தல்கள், மீன்பெட்டிகளிலிருந்து உடைந்த வெள்ளை ரெஜிபோம் துண்டுகள். அத்தனைக்கும் நடுவே மஹ்ரூப்பின் கண் அந்த ஒரு நிறத்தையே தேடியது. இரண்டு தடவை அது தெரிந்து படகைத் திருப்பினார்கள். இரண்டும் வலை மிதவைகள்.

மறுநாள் காலை வேறொரு படகு பிரகலாதனைக் கண்டெடுத்தது. கவிழ்ந்த படகிலிருந்த நீலப் பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி மிதந்தான். அண்ணன் இல்லை.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்ததும் மஹ்ரூப் பார்க்கப் போனார்.

“உங்களை நான் கண்டனான், நானா” என்றான் பிரகலாதன். “மத்தியானம். எங்கட பக்கம்தான் பார்த்தனீங்கள். கத்தினனாங்கள். மெசின் சத்தத்தில கேக்கேல்ல போல.”

“அண்ணன்?”

“அப்ப இருந்தவர். பொழுதுபடத்தான் கையை விட்டவர்.”

மஹ்ரூப் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

“நீலமா ஒண்டு பார்த்த ஞாபகம் இருக்கு, தம்பி. குப்பையெண்டு விட்டுட்டன்.”

கதவடியில் நின்ற சோபனா அழத் தொடங்கினாள். “ஜாக்கெட் ரெண்டும் கரையில வலை வைக்கிற வாடிக்குள்ளதான் தொங்கினது. அடுத்த நாள்தான் கண்டனான். நான்தான் பிழையாச் சொன்னனான்.”

பிரகலாதன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதன்பிறகு மஹ்ரூப்பால் மீனைப் பார்க்க ஏலவில்லை. நுரை திரண்ட இடமெல்லாம் தலை ஒன்று தெரிந்தது. மிதக்கும் ஒவ்வொன்றுக்கும் கிட்டப் போகச் சொன்னார். கூட்டாளி ஸைனுலாப்தீன் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார்.

“நானா, இப்பிடி ஓடினா தொழில் செய்ய ஏலாது. கொஞ்ச நாள் கரையில நில்லுங்க.”

மஹ்ரூப் இப்போது மூதூர்க் கரையில் மீன் நிறுக்கிறார். பிரகலாதனும் அங்கேதான் மீன் கொண்டுவருகிறான். விலையைத் தவிர அவர்களுக்குள் வேறு கதையில்லை.