சைபர் காட்டிய கருவி

பிள்ளைகளா, அப்பா பார்க்கிற வேலையைப் பற்றி நீங்கள் பெருமையாகப் பேசும்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் குழாயில் வருகிற எரிவாயுவால் ஒரு பெரிய இன்ஜின் ஓடுகிறது. வளாகம் முழுக்க அந்தக் கரண்ட்தான். இன்ஜின் புகையின் சூட்டை வீணாக்காமல் நீராவியாக்கி, சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள விடுதிச் சமையற்கட்டுக்கு அனுப்புகிறோம். கன்னிவாடியிலிருந்து வருகிற ஆறு பெண்கள் அங்கே சமைக்கிறார்கள். கேஸ் கசிந்து தீப்பிடித்தால் எங்களோடு அவர்கள் உயிரும் போய்விடும். அதற்காகத்தான் எங்கள் இன்ஜின் அறைச் சுவரில் ஒரு சின்னக் கருவி. கேஸ் பட்டால் அலறும், இன்ஜினையும் நிறுத்திவிடும்.

ஆயுத பூஜை முடிந்த மறுவாரம், காலையில் உள்ளே நுழைந்ததும் அழுகிய முட்டை நாற்றம். கசிந்தால் தெரியட்டும் என்றே கேஸில் அந்த நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். சூப்பர்வைசரிடம் ஓடினேன். வடையைக் கடித்துக்கொண்டே அந்தக் கருவியின் திரையைக் காட்டினார்.

"சைபர்னு காட்டுதுல்ல? முட்டைக் கொழம்பத் தின்னுட்டு வந்து மெஷினக் குத்தம் சொல்றியாக்கும்?"

"அண்ணே, நான் இன்னும் பச்சத்தண்ணி குடிக்கல. அம்புட்டு நாத்தம்ணே."

"இன்னைக்குப் பட்டமளிப்பு விழாப்பா. நிறுத்துனா மைக் போயிரும். அப்புறம் ஒன் மூக்கத்தான் மேடையில ஏத்தணும்."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் அருவருப்பு.

செத்த நேரத்தில் சமையற்காரம்மா ஒருவர் வாசலில் வந்து நின்றார். "ஏண்ணே, எங்களுக்குக் கொடலப் புரட்டுது. இங்க என்ன செத்துக் கெடக்கு?"

அதற்கு மேல் நான் யாரையும் கேட்கவில்லை. வால்வை மூடினேன், இன்ஜின் நின்றது. குழாய் மூட்டு ஒன்று தளர்ந்து கசிந்திருந்தது.

கருவியைக் கழற்றிப் பார்த்தோம். கேஸ் நுழைய வேண்டிய வலை முழுக்கக் காய்ந்த சந்தனமும் குங்குமமும். பூஜையன்று எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தது நான்தான். அதற்கு வாய் எது, நெற்றி எது என்று பார்க்காமல் அப்பியிருக்கிறேன்.

சூப்பர்வைசர் நகத்தால் சுரண்டிச் சுவரில் துடைத்தார். பதிவேட்டில் 'கருவி பழுது' என்று எழுதினார். "சாமி காரியம்ப்பா. வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத." நான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் அந்தச் சமையற்காரம்மா, "ஒங்களாலதாண்ணே பொழச்சோம்" என்று என் தட்டில் மட்டும் இரண்டு அப்பளம் கூடுதலாக வைத்தார். என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. ஆனாலும் தின்றேன். இன்றுவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.