செங்கல்லும் ஹேண்ட் பிரேக்கும்

சொந்த வண்டியைத் தானே பழுது பார்ப்பது, சம்பளமும் விடுப்பும் இல்லாத ஓர் உத்தியோகம். பழைய காரை வைத்துக்கொண்டு அல்லாடும் அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு அந்த உத்தியோகம் வாய்த்தது. என் காருக்குப் பதினைந்து வயது முடிகிறது. சோதனையில் தேறிப் பதிவைப் புதுப்பித்தாலன்றிச் சாலையில் ஓட்ட இயலாது. வாரம் இருமுறை என் கணவரைத் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூருக்கு டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்வது அந்த வண்டிதான்; பேருந்துப் படி ஏற அவரால் ஆகாது. வண்டிக்கு இருந்த குறை ஒன்றே: ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை.

சமவெளி நியாயம்

முறைப்படி முதலில் மெக்கானிக் பாஸ்கரிடம்தான் சென்றேன். வண்டியை விட்டுச் சென்றால் பத்து நாள் ஆகும் என்றார். பத்து நாளில் மூன்று டயாலிசிஸ் வரும் என்றேன். எங்கள் தெருவில் பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது. வீடுகள் பள்ளத்தில் நிற்கின்றன. கேட்டிலிருந்து என் போர்ட்டிகோ வரை நல்ல சரிவு. அதையும் எடுத்துச் சொன்னேன்.

பாஸ்கர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஆத்தங்கரையை விட்டா நம்ம ஊர்ல மேடு ஏது டீச்சர்? கியர்ல போட்டு, டயருக்கு ஒரு செங்கல்லக் குடுங்க. ஊரே அப்படித்தான ஓட்டுது!”

துருவேறிய நட்டு

ஆகவே நானே இறங்கினேன். ஹேண்ட் பிரேக்கின் அடியில் உள்ள உறையைக் கழற்றினால், கேபிளை இழுத்துப் பிடிக்கும் நட்டு ஒன்று தெரியும். பிடியை இழுக்கும்போது எழும் ‘கடக்’ ஒலியை எண்ண வேண்டும். ஐந்தாறில் பிடிக்க வேண்டியது, பன்னிரண்டு ஆகியும் தொளதொளவென்றிருந்தது. எண்ணும் பொறுப்பை வராந்தா நாற்காலியில் இருந்த என் கணவரிடம் ஒப்படைத்தேன். நட்டோ அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு, ஊறவைத்து, ஸ்பேனரோடு ஒரு முற்பகல் முழுவதும் மல்லாடினேன். மணிக்கட்டு வீங்கியது.

இறுதியில் நட்டு திரும்பியதும் அவர் நாளிதழிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “நாப்பது வருஷமா நானே உங்கிட்ட விட்டுக் குடுத்துட்டேன். நட்டு எம்மாத்திரம்?”

மூன்று நிமிட வெற்றி

முடுக்கியபின் பிடி ஐந்தாவது ‘கடக்’கில் இறுகி நின்றது. சரிவில் கியரில் நிறுத்தி, இறங்கிக் கேட்டை மூடிவிட்டு வந்து, நியூட்ரலில் போட்டு, காலை எடுத்தேன். வண்டி நகரவில்லை. வண்டியை விற்றுவிடும்படி வற்புறுத்திவரும் சிங்கப்பூர் மகனை அழைத்து, பிரேக் சரியாகிவிட்டது, விற்பனைப் பேச்சை இனி எடுக்க வேண்டாம் என்று அறிவித்தேன். தெருவே கேட்கும் குரலில்தான்.

எதிர்வீட்டுச் செல்வியும் கேட்டாள். வந்தாள்; குனிந்தாள்; முன் டயரின் கீழிருந்து ஒரு செங்கல்லை உருவினாள். நான் கேட்டை மூடச் சென்ற நேரத்தில், உதவியென்று எண்ணி, அவளே வைத்ததாம். எங்கள் தெருவில் நிற்கும் வண்டியைக் கண்டால் கல் வைப்பது ஒரு மரியாதை. கார் மெல்ல உருண்டு, போர்ட்டிகோ தூணில் முட்டி நின்றது. நம்பர் பிளேட் வளைந்தது.

கல்லை இடுப்பில் இடுக்கிக்கொண்டு செல்வி கேட்டாள்: “எம்மேல தப்பு இல்லையே டீச்சர்? பிரேக்கு புடிக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

வைக்கோல்

பிடி இறுகுகிறது, சக்கரம் நிற்கவில்லை என்றால், இழுவிசை வழியில் எங்கோ தடைபடுகிறது. இதை முதல் நாளே யோசிக்காதது என் பிழை. பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அறுவடைக் காலத்தில் கதிரைச் சாலையில் பரப்பி, போகிற வண்டிகளையே போரடிக்க விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதன் மேல் சென்று வந்த பயன், இரண்டு கேபிள்களும் சக்கரத்தை அடையும் இடத்தில் வைக்கோலும் புழுதியும் சுற்றிக் கயிறாய் இறுகியிருந்தன. கம்பிக் கொக்கியால் இழுத்து இழுத்து எடுத்தேன். இரண்டு கை நிறைய வந்தது.

செல்வியின் கணவர் கலியபெருமாள் அதை வாங்கி, உதறிப் பார்த்துச் சொன்னார்: “நம்ம களத்து வைக்கோல்தான் டீச்சர். நனையல, மாடு திங்கும். எடுத்துக்கிறேன்.”

பிரேக் இன்ஸ்பெக்டர்

சோதனை நாளும் டயாலிசிஸ் நாளும் ஒன்றாகவே அமைந்தன. சான்று கிடைக்காவிட்டால் மருத்துவமனைக்கே வேறு வண்டி தேட வேண்டும். என் கணவர் முன்னிருக்கையில் அமர்ந்திருந்தார். மோட்டார் வாகன ஆய்வாளர், இங்கே எல்லாருக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர், மேட்டில் ஏற்றி நிறுத்தச் சொன்னார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். ஐந்து. நியூட்ரல். இரண்டு காலையும் எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து என் கணவர் கதவைத் திறந்து, மடியில் மறைத்துக் கொண்டுவந்திருந்த செங்கல்லை ஆய்வாளரிடம் நீட்டினார். ஆய்வாளர் கல்லைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், குனிந்து இன்னும் சற்று நேரம் பார்த்தார். வண்டி அசையவில்லை. தாளில் கையெழுத்திட்டபடி சொன்னார்: “கல்லு ஒங்க மடியிலயே இருக்கட்டும் சார். வண்டி தானா நிக்குது.”

ஐந்தாண்டுக்குச் சான்று கிடைத்துவிட்டது. ஆயினும், மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் என் கணவர் இறங்குமுன் செங்கல்லைத்தான் தேடுகிறார், நானும் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.