குதிருக்குள் ஒன்பது பாட்டில்

மாசி மாதத்தின் கடைசி வியாழக்கிழமை, காலை ஐந்தே முக்காலுக்கு நாமக்கல்லில் மோட்டார் பஸ் ஏறினேன். என்னைத் தவிரப் பதினேழு பேர், நான்கு கோழிகள், ஒரு தையல் மிஷின். சேந்தமங்கலத்துக்கு ஏழு மைல், கட்டணம் மூன்றணா. குடை, மாற்று வேட்டி, கஷாயப் பொடி, கார்க் திருகி என்று நான்கு சாமான்களையும் ஏறுவதற்கு முன் இரண்டு தடவையும் ஏறிய பின் ஒரு தடவையும் சரிபார்த்தேன். டிரைவர் அந்தத் திருகியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, அது பல்லுப் புடுங்கறதுங்களா?”

“பாட்டிலுக்குப் பிடுங்குவது” என்றேன். அதன் பிறகு அவர் சேந்தமங்கலம் வரை சாலையைப் பார்த்ததைவிட என்னைப் பார்த்ததே அதிகம்.

கொல்லிமலைக்கு மிளகுக்கும் தேனுக்கும் போகிறவர்கள் உண்டு. அருவிக்கும் கோயிலுக்கும் போகிறவர்கள் உண்டு. நான் போனது எங்கள் வீட்டு ஒயினைப் பார்க்க. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

எங்கள் வீடு நாமக்கல் கோட்டைப் பாறைக்குக் கிழக்கே நூற்றிருபது கெஜத்தில் இருக்கிறது. பகலெல்லாம் வாங்கிய வெயிலை அந்தப் பாறை இரவெல்லாம் எங்கள் மேல் விடும். கொல்லையில் என் மனைவி ஒரு திராட்சைக் கொடி வைத்தாள். ஆறு கல்தூண் நட்டுப் பந்தல் போட்டேன். நான்காம் வருஷம் முப்பத்தாறு ராத்தல் காய்த்தது. ஒரே புளிப்பு. தெருவில் யாரும் இரண்டாவது பழம் கேட்கவில்லை. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக் கடல் கடந்து வந்த என் டாக்டர் நண்பர்தான், “இது தின்கிற பழம் இல்லை ஐயா, குடிக்கிற பழம்” என்று சொல்லி, பீங்கான் ஜாடியில் நசுக்கி, வாய்க்கு மல் துணி கட்டி, இருபத்தோரு நாள் வைத்து வடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

சர்க்கரை விஷயத்தில் எங்கள் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. எனக்கு நாக்கின் ஓரத்தைப் பிடிக்கிற துவர்ப்பு வேண்டும். அவளுக்கு இனிப்பு வேண்டும். டாக்டருக்கு இரண்டும் பெரிதில்லை, ஒயின் மூன்று வருஷம் பாட்டிலில் படுத்துக் கிடந்தால் போதும். ஜாடி என் பொறுப்பில் இருந்ததால் சர்க்கரை விழவில்லை. பதினாலு பாட்டில் தேறியது. கார்க் நனைந்தே இருக்க வேண்டும், காய்ந்தால் சுருங்கிக் காற்று நுழையும் என்று எல்லாவற்றையும் கட்டிலுக்கடியில் ஈரமணலில் படுக்க வைத்தேன். அந்தச் சித்திரையில் பாறை தன் வேலையைக் காட்டியது. இரண்டு பாட்டில் கார்க்கைத் துப்பின. மூன்று காடியாகிவிட்டன. ஆக ஐந்து.

மீதி ஒன்பதையும் சடையப்பனிடம் கொடுத்தேன். கொல்லிமலை மேல் வாழவந்தி நாட்டு விவசாயி. பதினொரு வருஷமாக எங்களுக்கு மிளகு கொண்டுவருகிறவர். கார்க்குக்குப் பூசிய தேன்மெழுகும் அவர் கொடுத்ததுதான். “எங்க ஊட்டுச் சாமைக் குதிருக்குள்ள வெச்சா சித்திரைன்னு ஒண்ணு வந்ததே அதுக்குத் தெரியாதுங்க” என்றார். பாட்டில்கள் உரசாமலிருக்க, அன்று காலை கவாத்து செய்து வெட்டிப் போட்டிருந்த திராட்சைக் குச்சிகளை இடையிடையே செருகிக் கூடையில் அடுக்கினேன். அது இரண்டு வைகாசிக்கு முன்பு.

பிறகு கொடியின் இலைகளில் சாம்பல் பூத்தது. போன ஐப்பசி மழையில் வேர் அழுகிச் செத்தது. அடுத்த மாதம் என் மனைவிக்குக் காய்ச்சல். காய்ச்சல் போயிற்று, பசி திரும்பவில்லை. சாப்பாட்டுக்கு முன் ஓர் அவுன்ஸ் ஒயின் என்று டாக்டர் சொன்னார். சேலத்திலிருந்து வாங்கி வந்ததை ஒரு மிடறு குடித்து, “இருமல் மருந்து” என்று வைத்துவிட்டாள். “நம்ம கொடியில வந்ததுன்னா குடிப்பேன்.” கொல்லைக் கதவை அவள் திறந்து நான்கு மாதமாகிறது. ஆகவே பூமியில் எங்கள் கொடியின் மிச்சம் அந்த ஒன்பது பாட்டில்தான். சந்தைக்கு வரும்போதெல்லாம் சடையப்பனிடம் விசாரிப்பேன். “இருக்குதுங்க சாமி” என்பார். எத்தனை இருக்கிறது என்று கேட்டால், அதற்கும் “இருக்குதுங்க” என்பார். அந்த ஒரு சொல் என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

எட்டரை மணி. சேந்தமங்கலத்திலிருந்து மாட்டு வண்டியில் காரவல்லி, பத்தணா. மலை அங்கே சுவர் மாதிரி எழும்புகிறது. சடையப்பன் புளிய மரத்தடியில் காலிக் கூடையோடு நின்றிருந்தார்.

“டோலி சொல்லட்டுங்களா?”

“எனக்கு அறுபத்தெட்டுதான் ஆகிறது.”

“அதுக்குத்தானுங்க கேட்டேன்.”

நடந்தேன். அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தேன். எண்ணினால் எனக்கு மூச்சு வாங்காது. இரண்டாயிரத்தில் வேலமரங்கள் முடிந்தன. ஐயாயிரத்தில் மூங்கில். ஏழாயிரத்து இருநூற்றில் ஒரு சுனை. அதில் வாய் வைத்த போது பல் கூசியது, மாசி மாதத்தில். ஒன்பதாயிரத்துக்கு மேல் மஞ்சு இறங்கியது. முன்னால் போன கூடை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. சடையப்பனின் குரல் சில சமயம் மேலிருந்தும், சில சமயம் என் தோளுக்கருகிலிருந்தும் வந்தது. எங்கோ தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நான் நடக்கிறேனா, நின்றிருக்கும் என்னைக் கடந்து மலை கீழே போகிறதா என்று புரியாத ஒரு நேரம் இருந்தது. அது எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பதினோராயிரத்து முந்நூற்று நாற்பதாவது அடியில் ஏற்றம் முடிந்தது. மணி பன்னிரண்டே கால். மஞ்சு கிழிந்த இடத்தில் சாமை அறுத்த தாளடிகளும் வாழையும் பலாமரங்களும் படிப்படியாகத் தெரிந்தன. செம்மேட்டில் ஓர் அணாவுக்கு ஆறு வாழைப்பழம். வீடு எவ்வளவு தூரம் என்றேன். “ரெண்டு மைலுங்க” என்றார் சடையப்பன். என் அளவில் மூன்றரை. மலையில் மைல் நீளமானது. ஆனால் வேர்வை இல்லாததால் யாரும் புகார் சொல்வதில்லை போலும்.

மூன்று மணி. வீட்டுக்குப் பத்தடி முன்பே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். சடையப்பனின் மனைவி நல்லம்மா கேழ்வரகுக் களியும் மொச்சைக் குழம்பும் வைத்தாள். சாப்பிடும்போதே என் கண் முற்றத்துக் குதிரின் மேல் இருந்தது. ஆளுயரத்துக்கு மூங்கில் பின்னல், மண்ணும் சாணமும் மெழுகியது, நான்கு கல் மேல் நிற்பது, புல் கூரை போட்டது. மேலே ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வாய். நல்லம்மா ஏணி சாத்தி, இடுப்பு வரை உள்ளே குனிந்தாள். நானும் பின்னால் ஏறி அவள் தோளருகே கையை விட்டேன். சாமை குளிர்ந்த தண்ணீர் மாதிரி விரல்களுக்கிடையே ஓடியது. வீட்டார் தின்னத் தின்னப் பாட்டில்கள் மெல்லக் கீழே இறங்குமாம். புதுச் சாமை கொட்டும்போது மேலே எடுத்துப் படுக்க வைப்பார்களாம். இரண்டு வருஷமாக அவை இப்படி ஒரு குடும்பத்தின் பசியோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கின்றன. ஒரு கழுத்து விரலில் தட்டியது.

“ஒன்று” என்றேன்.

நல்லம்மா வெடுக்கென்று தலையை வெளியே எடுத்தாள். “அய்யா, எண்ணாதீங்க சாமி! குதிருக்குக் கேட்டுரும்.”

“கேட்டால் என்னம்மா?”

“குறைஞ்சு போயிரும். குதிருக்குள்ள இருக்கறத ஆரும் எண்ணப்படாது. இருக்குதுன்னு சொல்லோணும், அவ்வளவுதானுங்க.”

“நான் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியார். எண்ணியதால் எதுவும் குறைந்து நான் பார்த்ததில்லை.”

“உங்க ஊட்டுல பதினாலு வெச்சு அஞ்சு போச்சாமே. அதை எண்ணித்தானுங்களே வெச்சீங்க?”

கீழே ஏணியைப் பிடித்திருந்த சடையப்பன் சிரித்ததில் ஏணி ஆடியது. நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் வாய் மூடினால் விரல் நிற்குமா? கழுத்துக்கு ஒரு விரல் மடக்கினேன். ஏழு. மறுபடி துழாவினேன். ஏழுதான்.

பதினொரு வருஷப் பழக்கம். ஒரு மிளகு நிறுவை குறைந்ததில்லை. கேட்டால் பழக்கம் போகும், கேட்காவிட்டால் என் தூக்கம் போகும். கால் மணி நேரம் வேலிப்பக்கம் போனேன், வந்தேன். கடைசியில் கேட்டேன்.

“சடையப்பா, ரெண்டைக் காணோமே.”

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “காணாம எங்கீங்க போகும்? குதிருல ஏறுறது எதுவானாலும் வருசத்துக்கு ஒருக்கா முதப் படி எடுத்து ஊட்டுக்காரங்க எல்லாரும் திங்கோணும். அப்பத்தான் மிச்சம் நிக்கும். சாமைக்கு ஒரு படி, உங்களுதுக்கு ஒண்ணு. தை பொறந்தா தை. ரெண்டு தைக்கு ரெண்டு.”

“சொல்லவே இல்லையே!”

“சொன்னா எண்ணுன மாதிரி ஆயிருமில்லீங்க?”

“குடித்தீர்களா? எப்படி இருந்தது?” என்றேன்.

“மொத வருசம் வாயில வெக்க முடியலீங்க” என்றாள் நல்லம்மா. “எங்க மாமனாரு, வாத்தியாரு நம்மளக் கொல்லப் பாக்கறாருன்னுட்டாரு. ஆளுக்கு ஒரு சொட்டு நாக்குல வெச்சுட்டு, மிச்சத்த உங்க குச்சிக்கே ஊத்திட்டனுங்க. இந்தத் தைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. எங்க மாமியாளே இன்னொருக்கா கேட்டாங்க.”

“எந்தக் குச்சி?”

“கூடையில வந்துச்சே, அது.”

என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனார்கள். மணி ஐந்து இருக்கும். பெரிய பலாமரம். அதன் மேல் வழக்கம் போல மிளகுக் கொடி ஏறியிருந்தது. இந்த மலையில் ஒரு குச்சி வேர் விடும் என்று தோன்றினால், யோசிக்காமல் அதை மரத்தடியில் நடுவார்கள். மிளகுக்கு அது சரி. திராட்சைக்குப் பந்தல் வேண்டும், வெயில் வேண்டும், கவாத்து வேண்டும் என்று நான் நாமக்கல்லில் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த மிளகு இலைகளுக்கு நடுவே, ஓரம் பல்பல்லாய் வெட்டிய ஓர் இலை அசைந்தது. பிறகு இன்னொன்று. கட்டைவிரல் பருமனுக்கு ஒரு தண்டு, பட்டை உரிந்து, பலாவைக் கட்டிக்கொண்டு மேலே போயிற்று. எங்கள் கொடி.

தண்டைத் தடவிப் பார்த்தேன். உடனே வாத்தியார் புத்தி வந்தது. “இதை இப்படி விடக் கூடாது. இடுப்பளவில் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் காய்க்காது.”

“ஏறுறத ஏற உட்டாக் காய்க்காமப் போகுமுங்களா?” நல்லம்மா மேலே கைகாட்டினாள். “மேல பாருங்க சாமி.”

பார்த்தேன். முப்பதடி உயரத்தில், பலாக்கிளை கவட்டையிட்ட இடத்தில், பச்சைக் குலைகள் தொங்கின. எண்ண ஆரம்பிப்பதற்குள் மஞ்சு வந்து மரத்தின் தலையை மூடிவிட்டது. நான் அண்ணாந்தபடியே நின்றேன். அந்த வெள்ளைக்குள் குலைகள் இருக்கின்றன என்பது தெரிந்தால் போதும் போலிருந்தது.

குதிரிலிருந்து பாட்டிலை வெளியே எடுப்பதற்கும் முறை இருக்கிறதாம். ஒன்றை அங்கேயே திறக்க வேண்டும். திருகியைப் போட்டேன். கார்க் நனைந்து, முழுதாக வந்தது. ஒயின், காய்ந்த செம்பருத்தியின் நிறத்துக்கு வந்திருந்தது. பலா இலைத் தொன்னைகளில் ஊற்றினோம். நாக்கின் ஓரத்தைப் பிடித்த அந்தத் துவர்ப்பு எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் இப்போது அது பிடித்து, யோசித்து, விட்டுவிட்டது. பின்னால் புதுச் சாமையின் வாசனை வந்தது. கடைசியில் அடுப்புப் புகை கொஞ்சம். எண்பது வயதுக் கிழவர், சடையப்பனின் தகப்பனார், தொன்னையை நக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “இப்பக் கொல்ல மாட்டாரு” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை. நல்லம்மா கொடியின் கீழ்ப்பக்கத்திலிருந்து சாண் நீளக் குச்சிகள் வெட்டித் தந்தாள். இரண்டு பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டேன். குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றி இடையில் செருகினேன். மற்றவை குதிருக்குள் இருக்கின்றன. பாறை நிழலைவிட அவற்றுக்குச் சாமை நல்ல வீடு. இறக்கத்தில் சடையப்பன் கூடையைச் சுமந்தார். நான் பின்னால் கூடையையே பார்த்துக்கொண்டு இறங்கினேன். சுனை தாண்டிய பிறகுதான் எண்ணத் தொடங்கவில்லை என்பது நினைவு வந்தது. முழங்கால் வலித்தது. ஆனால் மூச்சு வாங்கவில்லை.

மாலை ஆறு மணிக்கு நாமக்கல். தெருவில் வெந்நீர் மாதிரிக் காற்று. என் மனைவி கதவருகே நாற்காலியில் இருந்தாள். முகம் கழுவுவதற்கு முன் ஓர் அவுன்ஸ் அளந்து கொடுத்தேன். கண்ணை மூடி மெல்லக் குடித்தாள்.

“சர்க்கரை போட்டிருக்கலாம்” என்றாள். டம்ளரைக் கீழே வைக்கவில்லை, மறுபடி நீட்டினாள். இன்னும் அரை அவுன்ஸ் ஊற்றினேன்.

பிறகு குச்சிகளைக் காட்டினேன். பலாமரத்தைச் சொன்னேன். ஒரு குச்சியை எடுத்து, நக நுனியால் பட்டையைக் கீறிப் பச்சை பார்த்தாள். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள்.

“எத்தனை குலை இருந்தது?” என்று அங்கிருந்தே கேட்டாள்.

“மஞ்சு மூடிவிட்டது. எண்ணவில்லை.”

“ஏற எத்தனை அடி?”

சொன்னேன்.

“இறங்க?”

“எண்ணவில்லை.”

குச்சியைக் கையில் வைத்தபடியே திரும்பி வந்து, என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் அடிக்கிறதா என்று.