கப்பல் ஏற நல்ல மாதம்

போர்க்காலத்தில் கோயிலில் கொடுத்த பழைய உடுப்புகளோடு ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையும் வந்தது. வெப்பக் கடல்களில் உல்லாசக் கப்பல் பயணம் போக எந்த மாதம் நல்லது என்று அதில் ஒரு கட்டுரை. அக்காவின் புருசன், அத்தானுக்கு அதைத் தமிழாக்கி வாசித்தேன். மன்னார்க் கரையிலிருந்து ஆட்களை இராமேஸ்வரத்துக்குப் படகில் ஏற்றிப்போகிறவர் அவர். எங்களையும் எப்போது கொண்டுபோவது என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடல் அமைதியாக இருக்கும் மாதங்களே சிறந்தவையாம்.

“விசர்க்கதை,” என்றார். “கடல் செத்துக் கிடந்தா நேவிக்காரன் தூரத்திலயே கண்டிடுவான். தென்மேற்கால சோளகக் காத்துக் கொஞ்சம் எழும்ப வேணும். அலைக்குள்ள படகு தெரியாது.”

பிறகு கட்டுரையில் இருந்த கப்பல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது சரி, இவையள் எங்க போய் இறங்குவினம்?”

“தீவுகளைச் சுத்திப்போட்டு, ஏறின துறைமுகத்திலயே வந்து இறங்குவினமாம், அத்தான்.”

அவர் நம்பவில்லை. நான் பிழையாக வாசிக்கிறேன் என்று திரும்பவும் வாசிக்கச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் வாசித்தேன்.

“ஏறின இடத்திலயே இறங்கிறதுக்கோ கப்பல் ஏறுகினம்?”

சோளகம் தொடங்கியதும் எங்களை அக்கரை மணல்திட்டில் இறக்கிவிட்டார். ஏறின இடத்துக்கே திரும்பிப் போனது, அந்தப் படகில் அவர் ஒருவர்தான்.